பழைய ராணுவ மேகசினும் அதன் பையும்: சேகரிக்கத் தொடங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினோரு வருஷம் முன்பு, இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், காக்கிக் கித்தான் பை ஒரு ஜோடியும் நான்கு மேகசினும் (ரவையை, அதாவது தோட்டாவை, அடுக்கித் துப்பாக்கியில் செருகும் பெட்டி) "ஒரே செட்" என்று வாங்கி வந்தேன். வீட்டில் மேகசினைப் பைக்குள் விட்டால் தலை வெளியே நிற்கிறது, மூடியின் டிச் பட்டன் எட்டவே மாட்டேன் என்கிறது. பை அசல், உள்ளே 1939 என்ற முத்திரை. மேகசினும் அசல்தான், ஸ்டென் துப்பாக்கியுடையது. ஆனால் ஸ்டென் பிறந்ததே 1941-இல். விற்றவர் தனித்தனியாகப் பொய் சொல்லவில்லை, சேர்த்து வைத்ததுதான் பொய்.

அன்றிலிருந்து மேகசினை மட்டுமோ பையை மட்டுமோ பார்த்து நான் எதையும் வாங்குவதில்லை. பை எந்த மேகசினுக்காகத் தைக்கப்பட்டது, அந்த மேகசின் எந்த வருஷத்துப் பையில் இருந்திருக்கும் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்தது பிரிட்டிஷ் 1937 பேட்டர்ன் (1937-ஆம் வருஷ மாதிரி) பைகளும் பிரென் இயந்திரத் துப்பாக்கியின் மேகசினும். அதனால் அவற்றை வைத்தே விளக்குகிறேன், அமெரிக்க, ஜெர்மன் பொருள்கள் இடையிடையே வரும்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டிக் கீழே போகாதீர்கள். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே அதன் பாகங்களும் அடங்கிவிடுகின்றன. மேகசின் துப்பாக்கியின் பாகம். பழம்பொருள் மதிப்புள்ள, இனி சுடவே முடியாத ஆயுதங்களுக்கும் சில சிறு பாகங்களுக்கும் 45-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பது ஸ்டேஷனில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிற விஷயமல்ல. சென்னையிலோ மதுரையிலோ இருந்து இதைப் படிப்பவருக்கு என் யோசனை: பைகளை மட்டும் சேருங்கள், மேகசினைப் படத்திலும் அருங்காட்சியகத்திலும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து மேகசினைத் தபாலில் வரவழைக்கும் எண்ணமே வேண்டாம். இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் அதைவிடவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பிரிட்டனில் துப்பாக்கியின் 'முக்கிய பாகம்' எது என்று 2017-இல் வந்த சட்டம் பட்டியல் போட்டது. குழல், உடல், போல்ட் போன்றவை அதில் உண்டு, மேகசின் இல்லை. அதனால்தான் இங்கே சந்தையில் பகிரங்கமாகக் கிடைக்கிறது. கனடாவில் கொள்ளளவுதான் பிரச்சினை. நடுவெடி ரவை (அடியின் நடுவில் ஊசி அடித்து வெடிப்பது) போடும் அரைத்தானியங்கி ரைஃபிளுக்குப் பொதுவாக 5 ரவை, கைத்துப்பாக்கிக்கு 10. அதற்கு மேல் கொள்ளும் மேகசினில் ஆணி அடித்து அளவைக் குறைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பெரிய மேகசின்களுக்கு 1994 முதல் 2004 வரை இருந்த கூட்டாட்சித் தடை காலாவதியாகிவிட்டது. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் 10 ரவைக்கு மேல் விடுவதில்லை. அங்கிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவதும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும், வாங்கும் வாரத்தில் உங்கள் ஊர் விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, ரவை. பழைய பையின் அடியில், தையல் மூலையில், ஒரு ரவை ஒட்டிக்கொண்டிருக்கலாம். மேகசினிலும் அப்படித்தான். உயிருள்ளதா செத்ததா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். சுரண்டிப் பார்க்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போலீஸுக்குச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன எல்லை போட்டுக்கொள்ளுங்கள்

"இரண்டாம் உலகப் போர்" என்பது எல்லையே அல்ல. அப்படித் தொடங்கியவர் வீட்டில் ஒரு வருஷத்தில் பழைய இரும்புக் கடைதான் இருக்கும். ஒரு துப்பாக்கி, ஒரு நாடு, ஒரு பத்து வருஷம், இவ்வளவு போதும். அமெரிக்க எம்1 கார்பைன் என்ற குட்டை ரைஃபிள் தொடங்குபவருக்கு நல்ல தேர்வு. துப்பாக்கியே 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டதால் 15 ரவை மேகசினும் அதன் இரட்டைப் பையும் இன்னும் கிடைக்கின்றன. பையின் உள்ளே செய்தவர் பெயரும் வருஷமும் தெளிவாக இருக்கும். ஜெர்மன் எம்பி40 என்ற சப்-மெஷின் கன்னின் பை அழகுதான், ஆனால் நகல்கள் மலிந்த குளம். முதல் இரண்டு வருஷம் அதில் கால் வைக்காதீர்கள்.

நான் 1937 பேட்டர்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. இதே பையை இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா எல்லாம் தனித்தனியாகச் செய்தன. இந்திய ராணுவத்தில் அந்தப் போருக்குச் சேர்ந்தவர்கள் 25 லட்சம் பேர். அவர்கள் இடுப்பில் இருந்த பை இது. பெரம்பூர் பின்னி ஆலை சீருடைக்கான காக்கித் துணி நெய்த காலமும் அதுவே. பையின் நாடா (தடித்த பருத்தி நெசவு) அங்கே நெய்ததல்ல, இருந்தாலும் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த ஞாபகம் வரத்தான் செய்கிறது.

பையை முதலில் படியுங்கள்

அதற்கு முந்தைய 1908 பேட்டர்னில் முன்பக்கம் சின்னச் சின்னப் பத்துப் பைகள், ஒவ்வொன்றிலும் ரைஃபிளுக்கான 15 ரவை, மொத்தம் 150. பிரென் இயந்திரத் துப்பாக்கி வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது. பிரெனின் மேகசின் 30 ரவை கொள்ளும், வளைந்த நீள இரும்புப் பெட்டி. அதை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எனவே அணியில் உள்ள ஒவ்வொரு சிப்பாயும், தான் ரைஃபிள்காரனாகவே இருந்தாலும், பிரெனுக்காக மேகசின் சுமக்க வேண்டும் என்று வைத்தார்கள். பையின் அளவை முடிவு செய்தது அந்த மேகசின்தான், ஒரு பைக்கு இரண்டு. இது புரிந்தால் பை ஏன் இவ்வளவு உயரமாக, சதுரமாக, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக இருக்கிறது என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. அதன் பெயரே 'பேசிக் பவுச்'. பின்னால் ஸ்டென் வந்து, நான் சொன்ன அந்த எட்டாத பட்டன் பிரச்சினை படைக்கே வந்தபோது, மூன்றாவது வடிவத்தில் பையை உயர்த்தினார்கள்.

இப்போது மூடியைத் திறங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பிடித்துக்கொண்டு உள்பக்கம் பாருங்கள். கறுப்பு மையில் செய்தவர் பெயர்ச் சுருக்கம், வருஷம், கூடவே ஒரு சின்ன அம்புக்குறி. அம்பு என்றால் அரசு உடைமை. அம்பு மட்டும் இருந்தால் பிரிட்டன். 'சி' எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. இரண்டு 'டி' எழுத்துகளுக்கு நடுவே என்றால் ஆஸ்திரேலியா, 'யு'வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா, அம்புக்குக் கீழே 'ஐ' என்றால் இந்தியா. 'எம்.ஈ.கோ.' என்று இருந்தால் மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி, நாடாவைப் பையின் வடிவத்திலேயே நெய்வதில் பேர் போனவர்கள்.

மோசமாகக் கழுவிய பையில் முத்திரை தெரியாது. பிளாங்கோ பூசிய பையிலும் தெரியாது. பிளாங்கோ என்பது சிப்பாய்கள் தண்ணீரில் குழைத்துப் பூசிய வண்ணக்கட்டி. போர்க்காலப் பைகளில் அடிக்கடி பார்ப்பது 'காக்கி பச்சை 3' என்ற நிறம். அதன் மேல் போருக்குப் பின் வேறு நிறம், அதற்கும் மேல் இன்னொன்று என்று சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். மூடியின் விளிம்பில் நகத்தால் உரசாமலே, தேய்ந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் அடுக்குகள் தெரியும்.

இந்தியப் பையை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அது உண்மையும்கூட. பிரிட்டிஷ் நாடா கெட்டியாக, இழை சீராக இருக்கும். இந்திய நாடா சொரசொரப்பாக, இழை ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து ஓடும். பல துண்டுகளை வெட்டித் தைத்திருப்பதால் தையல் வரி அதிகம். ஒரே ஜோடியில் இடது பை வைக்கோல் நிறம், வலது பை கடுகு நிறம் என்று இருப்பதும் சகஜம். பிரிட்டிஷ் சேகரிப்பாளர்கள் ரொம்ப நாள் இதை 'மட்டமான சரக்கு' என்று ஒதுக்கினார்கள். எனக்கு அதில் லாபம். கொஹிமாவிலும் இம்பாலிலும் 1944-இல் நடந்த சண்டையில் மழையில் நனைந்து ஊறியது இந்த வகைப் பைதான் என்று எண்ணிப் பாருங்கள், பர்மாக் களத்திலிருந்து தப்பி வந்தவை ஏன் குறைவு என்பது தெரியும். ஈரமும் பூஞ்சையும் பருத்தி நாடாவைத் தின்றுவிடும். அதற்காகத்தான் பூஞ்சை பிடிக்காத, எடை குறைந்த 1944 பேட்டர்ன் உருவானது. ஆனால் அது வந்து சேர்வதற்குள் போர் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது.

ஒரு பொறி. போருக்குப் பின் பெல்ஜியம் இதே வடிவத்தில் ஏராளமாகத் தைத்தது. முத்திரை 'ஏ.பி.எல்.' என்றும், வருஷம் 1950-களிலும் இருக்கும். பெல்ஜியப் பையில் குற்றமில்லை, நல்ல பைதான். முத்திரையைச் சுரண்டிவிட்டுப் பிரிட்டிஷ் விலை சொல்வதுதான் குற்றம். உள்மூடியில் ஒரு சதுரம் மட்டும் வெளிறி, இழை பிசிறியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

மேகசினைப் பார்ப்பது

பிரென் மேகசின் ஏன் வளைந்திருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். .303 ரவையின் அடியில் விளிம்பு துருத்தி நிற்கும். அடுக்கினால் அடிப்பக்கம் தடிப்பாகவும் நுனிப்பக்கம் மெலிந்தும் விசிறி மாதிரி விரியும், பெட்டியும் அதோடு வளைகிறது. பின்னால் 7.62 ரவைக்கு மாற்றிய பிரெனுக்கு விளிம்பில்லாத ரவை, அதனால் அதன் மேகசின் கிட்டத்தட்ட நேர். வளைவைப் பார்த்தே போர்க்காலத்ததா பின்னதா என்று பிரித்துவிடலாம். இந்தியச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பிரெனுக்கு முன்பே இந்திய ராணுவம் எடுத்துக்கொண்ட, வங்காளத்து இஷாப்பூரில் செய்த விக்கர்ஸ்-பெர்த்தியே இயந்திரத் துப்பாக்கிக்கும் அதே .303, அதே 30 ரவை, வளைந்த மேகசின். பார்வைக்கு அண்ணன் தம்பி. கையில் ஒரு பிரென் மேகசினை வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் தெரியும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை நான்கைந்துதான். வாய்ப்பக்கத்து இரண்டு உதடுகளில் விரிசல் இருக்கிறதா? உள்ளே ரவையைத் தூக்கும் தகடு அமுக்கினால் இறங்கி, விட்டால் சிக்காமல் ஏறுகிறதா? அடித்தகடு கழன்று வருகிறதா, அல்லது துருவில் ஒன்றாகிவிட்டதா? பக்கங்களில் பள்ளம் இருந்தால் பரவாயில்லை, யாராவது சுத்தியலால் தட்டிச் சரிசெய்திருந்தால் வேண்டாம். கடைசியாக மேல்பூச்சு. மூலை முனைகளில் கறுப்பு தேய்ந்து இரும்பு மின்னுவது நல்ல அடையாளம். மூலை முடுக்கெல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் சமீபத்தில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

முத்திரை இங்கே வேறு மாதிரி. போர்க்கால பிரிட்டனில் தொழிற்சாலைப் பெயரை மறைக்க எழுத்தும் எண்ணும் கொண்ட குறியீடு தந்தார்கள். 'என்' என்றால் வடக்கு, 'எம்' என்றால் நடுப்பகுதி, 'எஸ்' என்றால் தெற்கு, அதன் பின் ஒரு எண். கனடாவில் டொரொன்டோவின் இங்கிலிஸ் நிறுவனமும் ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலையும் பிரென் செய்தன. லித்கோ பொருளில் 'எம்.ஏ.' என்று இருக்கும். ஜெர்மனியும் இதே காரணத்துக்காகச் சிற்றெழுத்துக் குறியீடு வைத்தது, கூடவே ஆய்வாளரின் கழுகு முத்திரை. எம்பி40-இன் தொடக்ககால மேகசின்களின் பக்கம் வழுவழுப்பாக இருக்கும், பின்னால் வந்தவற்றில் வரிவரியாக மேடு போட்டிருப்பார்கள். வழுவழுப்பானதற்கு விலை அதிகம் என்பதால் ஆசைப்பட வைப்பதும் அதுவே.

சேர்த்துப் பார்க்கும் சோதனை

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். சந்தையில் விற்பவரிடம் "உள்ளே விட்டுப் பார்க்கலாமா" என்று கேளுங்கள், மறுத்தால் அதுவே பதில். மேகசின் எளிதாக இறங்க வேண்டும், மூடி இழுக்காமல் பட்டன் போட வேண்டும். எம்1 கார்பைனின் இரட்டைப் பை 15 ரவை மேகசினுக்கானது. போரின் கடைசியில் வந்த 30 ரவை மேகசின் அதில் நிற்காது. ஆனாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டி விற்பார்கள். அமெரிக்க 'பார்' (பிரௌனிங் ஆட்டோமேடிக் ரைஃபிள்) துப்பாக்கியின் 1937 பெல்ட்டில் ஆறு பை, பைக்கு இரண்டு 20 ரவை மேகசின், மொத்தம் பன்னிரண்டு. எம்பி40 பை மூன்று அறை கொண்டது, ஜோடியாகப் போட்டால் ஆறு மேகசின். ஒரு பையின் பக்கத்தில் மட்டும் ஒரு குட்டிப் பை இருக்கும், அது ரவை ஏற்றும் கருவிக்கு. அந்தக் குட்டிப் பை இல்லாத இரண்டை "ஜோடி" என்று விற்றால் அது ஜோடியல்ல.

அடுத்து தேய்மானம். நிஜமாகவே பிரென் மேகசின் சுமந்த பையின் முன்பக்கத்தில் லேசான தொப்பை விழுந்திருக்கும். உள்ளே, அடித்தகட்டின் விளிம்பு உரசிய இடத்தில், நாடாவில் கறுப்பாக ஒரு கோடு. என்னிடம் உள்ள ஒரு 1941 பையில் அந்தக் கோடு இரண்டு, ஒன்றுக்கொன்று விரலகல இடைவெளியில், பென்சிலால் போட்ட மாதிரி. நகல் பையைச் செயற்கையாகப் பழசாக்குபவர் வெளியே டீ டிக்காஷன் ஊற்றுவார், மண்ணில் புரட்டுவார். உள்ளே கோடு போட அவருக்குத் தோன்றுவதில்லை, இதுவரை.

நூலையும் பாருங்கள். புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், அசல் பையை யாராவது இந்தக் காலத்துச் சலவைத்தூளில் அலசியிருந்தாலும் ஒளிரும். தையல் நூல் பருத்தியா செயற்கையா என்பது இன்னும் உறுதியான சாட்சி. இந்தியாவிலேயே இன்று செய்யப்படும் நகல்கள் உலகச் சந்தை முழுக்க ஓடுகின்றன. சினிமா எடுப்பவருக்கும் பழைய சண்டைகளை நடித்துக் காட்டும் குழுவினருக்கும் நேர்மையாக விற்கிறார்கள். மூன்றாவது கை மாறும்போதுதான் அது 1942 ஆகிவிடுகிறது.

சுத்தம் செய்வது, அல்லது செய்யாமல் இருப்பது

நம் வீட்டுப் பழக்கம் இங்கே எதிரி. பித்தளையைக் கண்டால் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். பையின் பித்தளைக் கொக்கியில் இருக்கும் மங்கல் நிறம் எண்பது வருஷத்தில் வந்தது, புளி அதை அரை நிமிடத்தில் எடுத்துவிடும், அமிலம் பக்கத்து நாடாவிலும் இறங்கும். தோல் பையில் பித்தளைக் குமிழைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரி களிம்பு கட்டியிருந்தால் பல்குச்சியால் மெதுவாக எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

கித்தான் பையைத் தண்ணீரில் முக்காதீர்கள். பிளாங்கோ கரைந்து போகும், மையும் கூடவே போகும். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், அவ்வளவுதான். தோல் பைக்கு எண்ணெய் குடிக்கக் கொடுப்பது பெரிய தப்பு. கறுத்து, தளர்ந்து, தையல் அழுகும். காய்ந்த தோல் சிவப்புப் பொடியாக உதிர ஆரம்பித்துவிட்டால் அதைத் திருப்ப முடியாது, கை படாமல் வைப்பது ஒன்றே வழி.

மேகசினில் மேலோட்டமான துருவுக்கு இயந்திர எண்ணெயும் மிக நைசான எஃகுக் கம்பளியும், விரல் அழுத்தம் மட்டும். கம்பி பிரஷ், உப்புக்காகிதம் கூடாது. அடித்தகட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் கண்ணில் பாயும், கட்டைவிரலால் மூடிக்கொண்டு கழற்றுங்கள். உள்ளே எண்ணெய் ஒரு சொட்டு தடவித் துடைத்துவிட வேண்டும், தேங்கக் கூடாது.

வைக்கும் விதம்

இத்தனை நேரம் ஜோடி ஜோடி என்று சொன்னவன் இப்போது பிரித்து வைக்கச் சொல்கிறேன். காட்சிக்கு ஒரு நாள் சேர்த்து வையுங்கள், பெட்டியில் வைக்கும்போது தனித்தனி. பருத்தி ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும், இரும்பு எண்ணெயைத் திருப்பிப் பருத்திக்குக் கொடுக்கும். தோல் இன்னும் மோசம், அதன் பதனிடு அமிலம் இரும்பை அரிக்கும். பைக்குள் அமிலமில்லாத டிஷ்யூ காகிதத்தை உருட்டி வைத்தால் வடிவம் கெடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை, ஸ்பாஞ்ச் இரண்டும் ஆகாது. கடற்கரை ஊரில் இருப்பவர் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். அந்துருண்டையைப் பையில் நேரடியாகப் போடாதீர்கள்.

பதிவேடு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எண், வாங்கிய நாள், இடம், கொடுத்த விலை, முத்திரையில் இருப்பது, இல்லாதது, சோதனையில் எது எதற்குள் போனது என்று எழுதுங்கள். ஊகத்தைப் பென்சிலால், பார்த்ததைப் பேனாவால் எழுதுவது என் வழக்கம். வீட்டில் போலீஸ் கேட்டாலும், நாளை உங்கள் பிள்ளைகள் விற்க நினைத்தாலும் இந்த நோட்டுதான் பேசும். மேகசின் வாங்கிய ரசீதை அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள்.

என் நோட்டில் 17-ஆம் எண் இப்படி இருக்கிறது. "பேசிக் பவுச், ஒற்றை, இடதா வலதா தெரியவில்லை. அம்பும் ஐயும், வருஷம் 194-க்குப் பின் அழிந்துள்ளது. பித்தளைக் கொக்கி இரண்டும் உண்டு. பிரென் மேகசின் இரண்டு சரியாக இறங்குகிறது, ஸ்டென் இறங்கவில்லை. உள்ளே ஒரு கறுப்புக் கோடு. மூடியின் உள்பக்கம் மையால் நான்கு இலக்க எண், கடைசி இலக்கம் 3 அல்லது 8." அதற்குக் கீழே பென்சிலால் எழுதிய வரியை மூன்று தடவை அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் மெலிந்து பின்பக்கத்து எழுத்து தெரிகிறது. இதன் ஜோடிக்காக இன்னும் பெட்டிகளைக் கிளறிக்கொண்டுதான் இருக்கிறேன்.